ஆண்டுக் கணக்கும் வரலாற்று நூலும்
காலம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அதனை அளக்காமல் எந்தச் சமுதாயமும் வாழ்ந்ததில்லை. ஒரு மக்கட் கூட்டம் தன் ஆண்டை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதை அறிந்தால், அது எதனைப் பெரிதென மதித்தது என்பதும் விளங்கும். தொடக்க கால இஸ்லாமிய உலகின் காலக் கணக்கும் வரலாற்று நூல்களும் இதற்கு நல்ல சான்றுகளாம்.

இஸ்லாம் தோன்றுமுன் மக்கா நகரத்தார் பெருநிகழ்ச்சிகளைக் கொண்டே ஆண்டைக் குறித்தனர். யானையோடு வந்த படை மக்காவைத் தாக்க முயன்ற ஆண்டு, ‘யானை ஆண்டு’ எனப்பட்டது. அக்கால அரபுப் புலவர்கள் காலத்தைத் ‘தஹ்ர்’ என்றனர். அது வெறும் அளவையன்று. செல்வத்தையும் சுற்றத்தையும் உயிரையும் வாரிக்கொண்டு போகும் விதி. தமிழில் ‘காலன்’ என்னும் சொல் கூற்றுவனைக் குறிப்பதை எண்ணினால் இக்கருத்து எளிதில் விளங்கும். திருக்குர்ஆன் இதனை மறுத்தது. உயிரைத் தருபவனும் எடுப்பவனும் இறைவனே. காலமும் அவன் ஆணைக்கு உட்பட்டதே. அது படைப்பில் தொடங்கித் தீர்ப்பு நாளை நோக்கிச் செல்கிறது என்பது புதிய கொள்கை.

பிறையும் பருவமும்

பிறை கொண்டு எண்ணும் ஆண்டு 354 அல்லது 355 நாள் உடையது. சூரிய ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாள் குறைவு. பழைய அரபியர் சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூட்டியோ, போர் விலக்கப்பட்ட புனித மாதத்தைத் தள்ளி வைத்தோ வந்தனர் என்பர். குர்ஆன் அவ்வழக்கத்தைத் தடுத்து, மாதங்கள் பன்னிரண்டே என வரையறுத்தது. ஆகவே இஸ்லாமிய மாதங்கள் எல்லாப் பருவங்களையும் சுற்றி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பழைய இடத்திற்கு வருகின்றன. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 1ஆம் நாளும் நோன்புப் பெருநாள் நவம்பர் 3ஆம் நாளும் அமைந்ததற்கும், பின்னர் இரண்டும் விலகிச் சென்றதற்கும் இதுவே காரணம்.

ஹிஜ்ரி பிறந்த கதை

இரண்டாம் கலீபா உமர் (634-644) காலத்தில் ஆட்சி விரிந்தது, ஓலைகள் பெருகின. ‘ஷஃபான் மாதம்’ என்று மட்டும் எழுதிய ஆவணம் ஒன்று வந்தபோது, எந்த ஆண்டு ஷஃபான் என்ற ஐயம் எழுந்ததாகப் பழைய நூல்கள் கூறும். நபிகளாரின் பிறப்பு, அவர் தூதுப்பணி தொடங்கியது, மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்தது, மறைவு ஆகியவை ஆராயப்பட்டன. ஒரு சமுதாயம் உருப்பெறக் காரணமாயிருந்த பெயர்ச்சியே, அதாவது ஹிஜ்ரத்தே, தொடக்கமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கி.பி. 622 ஜூலை 16 முதல் ஆண்டின் முதல் நாளாயிற்று.

எகிப்தில் கிடைத்து வியன்னாவில் பாதுகாக்கப்படும் தாள் ஒன்று இக்கணக்கின் பழமைக்குச் சான்று. அது படைக்காகப் பெற்ற 65 ஆடுகளுக்குரிய பற்றுச்சீட்டு. கிரேக்கப் பகுதி பழைய எகிப்திய மாதக் கணக்கிலும், அரபுப் பகுதி ‘ஆண்டு இருபத்திரண்டு’ (கி.பி. 643) என்றும் நாளைக் குறிக்கின்றன. ஒரே சீட்டில் இரண்டு உலகங்களின் காலம்!

உழவரின் துன்பம்

ஆனால் பயிர் பிறையைப் பார்த்து விளைவதில்லை. எனவே ஈராக், ஈரான் பகுதிகளில் நிலவரியைப் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸை ஒட்டித் தண்டினர். பாரசீக ஆண்டும் 365 நாளே. மிகைநாள் சேர்ப்பது நின்றுபோகவே, நவ்ரூஸ் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்தது. கதிர் முற்றுமுன் வரி கேட்கப்பட்டது, உழவர் அல்லலுற்றனர். கலீபா அல்முதவக்கில் இதனைத் திருத்த முயன்றும் நிலைக்கவில்லை. 895இல் கலீபா அல்முஃததித், வரிக்குரிய நவ்ரூஸை ஜூன் 11க்கு மாற்றினார். வழிபாட்டுக்குப் பிறை, வரிக்குச் சூரியன் என இரு கணக்குகளும் அருகருகே நடந்தன.

வரலாற்றாசிரியர் இருவர்

அத்தபரி (839-923) தம் பெருநூலில் முதற்கண் காலம் என்றால் என்ன என்றே ஆராய்கிறார். படைப்பு முதல் நபிமார், அரசர் வரலாறுகளைக் கூறி, ஹிஜ்ரத்துக்குப் பின் ஆண்டு ஆண்டாகச் செய்திகளை அடுக்குகிறார். ஒரே நிகழ்ச்சி பற்றி மாறுபட்ட செய்திகள் இருப்பின், சொன்னவர் வரிசையோடு அனைத்தையும் தருகிறார். தீர்ப்பைப் பெரும்பாலும் படிப்பவரிடமே விட்டுவிடுகிறார்.

அல்பிரூனி கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய நூலில் பாரசீகர், யூதர், கிறித்தவர் முதலானோர் காலக் கணக்குகளை ஒப்பிட்டார். பின்னர் வடமொழி கற்று, ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் யுகக் கணக்கையும் விளக்கினார். யுகங்கள் சுழன்று வருவன. இஸ்லாமியர் காலமோ ஒரு முறையே செல்வது. தம் நம்பிக்கைக்கு மாறானதையும் அவர் முதலில் அறிந்துகொள்ளவே விரும்பினார்.

ஆண்டெண் சிறியதுதான். அஃது இல்லையேல் கடன் எப்போது என்பதும் தெரியாது. இரு சான்றுகளுள் எது முந்தியது என்பதும் தெரியாது. ஆவணங்களில் எழுந்த ஐயத்தைத் தீர்க்க வந்த கணக்கே வரலாற்றுக்கும் முதுகெலும்பாயிற்று.