லிண்டியனிடம் பேச்சு வாங்குவது

டெபியன் என்பது 1993இல் தொடங்கிய இலவச இயங்குதளம். நம் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் அதன் மேல் கட்டப்பட்டதுதான். டெபியனில் சேரும் ஒவ்வொரு மென்பொருளையும் நிரல், உரிமம், விளக்கம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டித்தர வேண்டும். லால்பேட்டையில் உட்கார்ந்து நான் செய்யும் வேலை அதுதான்.

கட்டி முடித்ததும் குறுக்கே வந்து நிற்பது லிண்டியன் என்ற சோதனை நிரல். 1998 முதல் இருக்கிறது. கட்டளைக்குக் கையேடு இல்லையா, நிரலுக்குள் எழுத்துப்பிழையா, ஒரே எழுத்துரு இரண்டு இடத்தில் கிடக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிடும். முன்னால் 'ஈ' என்றிருந்தால் பிழை, 'டபிள்யூ' என்றால் எச்சரிக்கை.

வேடிக்கையான ஒன்று உண்டு. ஜேசான் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் நிரல்கள் சிலவற்றின் உரிமத்தில், இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று எழுதியிருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் உரிமத்தை டெபியன் ஏற்பதில்லை. எது தீமை என்று யார் தீர்ப்பு சொல்வது? அந்த வரி எந்தக் கோப்பில் ஒளிந்திருந்தாலும் லிண்டியன் மோப்பம் பிடித்துவிடும்.

அடுத்து பியூபார்ட்ஸ். பேக்கேஜை நிறுவி, பிறகு நீக்கி, ஏதாவது மிச்சம் விட்டுப் போகிறதா என்று பார்க்கும். வாடகைக்காரர் காலி செய்த வீட்டை உரிமையாளர் சுற்றிப் பார்ப்பது மாதிரி.

"மிஷின் சொல்றதுக்கெல்லாம் நீ தலையாட்டணுமா?" என்பார் அத்தா. வேண்டியதில்லை. லிண்டியன் சொல்வது தவறென்றால், 'ஓவர்ரைட்' கோப்பில் அந்தக் குற்றச்சாட்டைக் குறித்து வாயை அடைத்துவிடலாம். மேலே ஒரு வரி காரணம் எழுதுவது நல்ல வழக்கம். காரணம் எழுதாத ஓவர்ரைடைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

இத்தனையும் தாண்டி 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற நிரலில் ரகசியமாக நுழைக்கப்பட்ட பின்கதவு டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. அதை ஒளித்து வைத்திருந்ததே சோதனைக் கோப்புகளுக்குள்தான்! தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைப் பார்த்துத் துருவிக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர்.

தமிழ் எழுத்துருவோ செயலியோ உருவாக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உரிமக் கோப்பை மறக்காமல் வையுங்கள். எவ்வளவு அழகான எழுத்துருவானாலும் அது இல்லாமல் டெபியனுக்குள் வர முடியாது.