கரிசலுக்குக் குழி ஆகாது

சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையை ஒட்டிய அரசு நிலம் ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. 2006-இல் ‘நிழல்’ அமைப்பு அதைக் கையிலெடுத்தது. ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். இன்று அங்கே நாட்டு மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மாணவர்கள் இலையைத் தொட்டுப் பார்த்து மரத்தை அறிகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரம் பக்கத்துக் கரிசல் தரிசிலும் அப்படியே குழி வெட்டி மரம் நட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். ‘பெர்மாகல்ச்சர்’ முறையை 1978-இல் நூலாக எழுதிய ஆஸ்திரேலியர்கள் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் சொன்ன அடிப்படை, நிலத்தைக் கவனித்த பிறகே கைவைக்க வேண்டும் என்பது. நம் மரம் நடுவிழாக்களில் விடுபட்டுப்போவதும் அதுதான்.

கரிசலில் உள்ள களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற நிலத்தில் முதல் மழை அந்த வெடிப்புகள் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்குகிறது. ஈரம் ஏறியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பின் நீர் உறிஞ்சப்படுவது மிக மெதுவாக. குழியில் தேங்கிய தண்ணீரில் காற்றில்லாமல் கன்றின் வேர் அழுகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே இங்கத்திய சம்சாரிகள் புழுதி விதைப்பு செய்வதும் இதே மண்ணை அறிந்துதான்: நனைந்த கரிசலில் காலும் வைக்க முடியாது, ஏரும் இறங்காது.

ஆகவே இங்கே தேவை மேட்டுப்பாத்தி. ஹைதராபாத் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் கரிசலுக்கென்றே அகன்ற பாத்தியும் இடையில் வாய்க்காலுமான முறையை வகுத்தது. பாத்தியில் வேருக்குக் காற்று கிடைக்கும்; மிகுந்த நீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும். தரிசிலுள்ள சீமைக்கருவேலை அகற்றினாலும் தூரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி துளிர்க்கும். அது வளர்ந்த மண்ணைச் செத்த மண் என்று ஒதுக்கவும் வேண்டாம். அவரைக் குடும்பத்து மரமான அது தழைச்சத்தைச் சேர்த்தே வைத்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கரிசல் நிலத்தைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. வெடிப்பில் குச்சியை விட்டு மாதாமாதம் ஆழம் அளக்கலாம். ஒரு பாட்டிலில் கரிசலையும் இன்னொன்றில் ஆற்றுமணலையும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எது முதலில் தெளிகிறது என்று பார்க்கலாம்.

இதே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் ஐந்து ஏக்கரையாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இப்படியொரு ஆய்வுக்கூடமாக ஒதுக்கித் தாருங்கள்.