கோடையில் நாய்க்கு மொட்டை தேவையா?

சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் ஹஸ்கியையோ பொமரேனியனையோ பார்த்தால் மனம் கேட்காது. ரோமத்தை ஒட்ட மழித்துவிட்டால் காற்றாட இருக்குமே என்று தோன்றும். ஆனால் இந்த இனங்களுக்கு அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும்.

நாய் நம்மைப்போல உடல் முழுக்க வியர்த்துக் குளிர்வதில்லை. அதற்கு முக்கியமாகப் பாதங்களின் அடியில்தான் வியர்க்கும். மூச்சிரைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகி ரத்தத்தின் சூட்டைக் குறைக்கிறது. மழித்த தோலில் ஆவியாவதற்கு வியர்வையே இல்லை.

சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழியில் வந்தது ஹஸ்கி. அதற்கு ரோமம் இரண்டு அடுக்கு: அடியில் பஞ்சுபோன்ற மென்மயிர், மேலே நீண்ட, முரட்டு மயிர். கோடை நெருங்கும்போது மென்மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். மேல்மயிரோ வெயில் தோலில் நேராக விழாமல் தடுக்கும்.

அதையும் மழித்துவிட்டால் தோல் வெந்து சிவக்கலாம். பொமரேனியன், ஹஸ்கி, சௌ சௌ போன்றவற்றில் சில நாய்களுக்கு மழித்த இடத்தில் மாதக்கணக்கில் மயிர் முளைக்காது. முளைத்தாலும் பழைய நிறமும் தன்மையும் மாறியிருக்கலாம்.

இந்த இனங்களுக்கு வேண்டியது கத்தரி அல்ல, சீப்பு. உதிர வேண்டிய மென்மயிரைச் சீவி எடுத்தாலே மேல்மயிருக்கிடையே காற்று புகும். குளிப்பாட்டினால் அடிமயிர்வரை உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

எல்லா நாய்க்கும் இதே விதி இல்லை. ஷி ட்சு, பூடில், லாசா ஆப்சோ ஆகியவற்றின் மயிர் தொடர்ந்து வளரும். அவற்றுக்கு அவ்வப்போது வெட்டத்தான் வேண்டும். அப்போதும் தோல் தெரியாத அளவுக்கு மயிரை விட்டுவைப்பது நல்லது. சடை பிடித்து இறுகினாலோ, தோல் நோய்க்கு மருந்து பூச வேண்டியிருந்தாலோ எந்த இனமானாலும் அந்த இடத்தை மழிப்பதே சரி.

வெயிலிலிருந்து நாயைக் காப்பவை நிழலும் தண்ணீரும்தான். நடைக்கு விடியற்காலையே நல்லது. புறங்கையைத் தார்ச்சாலையில் சில விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கடுமையாக மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் நனையத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும்.