சைக்கிளை விட்டு ஏன் இறங்கணும்? 1941 கிள்ளான் போராட்டமும் பிரெஞ்சுப் புரட்சியும்

தங்கா பத்து சாலையில் நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு மேலாளர் வருகிறார். உடனே நீங்கள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். "இது என்ன கூத்து?" என்று கேட்பீர்கள்தானே?

ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில், பல ரப்பர் தோட்டங்களில் இதுதான் வழக்கம். வெள்ளைக்காரத் துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் இறங்கணும்.

கிள்ளானில் என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. சாமான் விலையும் ஏறியது. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாள் கூலி சுமார் 50 காசுதான். அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் முன்னின்றார். சம கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை எனக் கோரிக்கைகள் நீண்டன. துரை, கிராணி முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதில் ஒன்று.

அரசாங்கம் மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. தொழிலாளர்கள் கொதித்தெழ, இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர்.

பிரான்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1789-க்கு முன் பிரெஞ்சு மக்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள்: மதகுருமார், பிரபுக்கள், மற்ற எல்லாரும். மக்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மூன்றாம் வகுப்புதான். வரிச்சுமை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். மேல் வகுப்பினருக்கோ பல வரிவிலக்குகள். 1788-இல் விளைச்சல் கெட்டு, ரொட்டி விலை எகிறியது.

கஜானா காலியானதும் மன்னர் பதினாறாம் லூயி மூன்று வகுப்பினரின் சபையைக் கூட்டினார். அதற்காக ஊர் ஊராகக் குறைப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். வரியோடு புறாவும் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றது! பிரபு வளர்க்கும் புறாக்கள் உழவர் விதைத்த தானியத்தைத் தின்னும். உழவர் அவற்றைத் தொடக்கூடாது.

அங்கே புறா, இங்கே சைக்கிள். பசி மனிதரை வாட்டும். "நீ எனக்குக் கீழே" என்று தினமும் காட்டும்போதுதான் அது கோபமாக மாறும்.

முடிவு ஒன்றுதானா?

இல்லை. பிரான்சில் 1789 ஜூலை 14 பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது. 1793-இல் மன்னருக்கே மரண தண்டனை. கிள்ளானில் யாருடைய ஆட்சியும் கவிழவில்லை. தொழிலாளர்கள் கேட்டது ஆட்சியை அல்ல, மரியாதையை. அன்றைக்குப் போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோரிக்கைகள் அதோடு முடியவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1967-இல் நம் மலாக்காவின் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள்.

பால்மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். துரை முன்னால் எப்படி நிற்க வேண்டியிருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.