மார்த்தா ஹியூஸ் கேனன்

மார்த்தா ஹியூஸ் கேனன் (ஜூலை 1, 1857 – ஜூலை 10, 1932) ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவரும் அரசியல்வாதியும் ஆவார். 1896 இல் யூட்டா மாநில செனட் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டு, அந்நாட்டின் முதல் பெண் மாநில செனட்டரானார். மார்மன் சமயத் தலைவர்களுள் ஒருவரான அங்கஸ் மன் கேனனின் ஆறு மனைவியருள் இவர் நான்காமவர். மார்மன்களின் பலதார மணத்தை வெளியுலகின் முன் நியாயப்படுத்திப் பேசியவரும், அதனால் தாம் பட்ட துன்பத்தைக் கணவருக்கு எழுதிய கடிதங்களில் பதிவு செய்தவரும் இவரே. அவ்வழக்கத்தினுள் ஒரு பெண்ணின் வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்பதை அறிய இவரது வரலாறு பெரிதும் உதவுகிறது.

பின்னணி

மார்மன்கள் எனப் பரவலாக அறியப்படும் பிற்காலத் தூயவர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபையை 1830 இல் ஜோசப் ஸ்மித் நிறுவினார். ஓர் ஆண் பல பெண்களை மணப்பது இறைவனின் கட்டளை என்னும் கொள்கை முதலில் நெருங்கிய சிலரிடையே மறைவாகவே நிலவியது. 1843 இல் அது எழுத்தில் பதிவானது. ஸ்மித் 1844 இல் கொல்லப்பட்ட பின், பிரிகாம் யங்கின் தலைமையில் பெரும்பாலானோர் மேற்கே யூட்டாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1852 இல் இக்கொள்கை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது.

திருச்சபையில் செய்யப்படும் திருமணம் இறப்புக்குப் பின்னும் நிலைக்கும் என்பது மார்மன்களின் நம்பிக்கை. ஆகவே பலதார மணத்தை ஏற்ற பெண்களில் பலர் அதை ஒரு சமயக் கடமையாகவே கருதினர். இதை மறந்துவிட்டால் கல்வி கற்ற, சொந்த வருவாய் உடைய ஒரு பெண் ஏன் நான்காம் மனைவியாகச் சம்மதித்தார் என்பது விளங்காது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1862 இல் பலதார மணத்தைத் தடை செய்தது. சமய உரிமை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1879 இல் ரெனால்ட்ஸ் வழக்கில் ஏற்க மறுத்தது. எனினும் மறைவில் நடந்த திருமணத்தை மெய்ப்பிப்பது அரசுக்குக் கடினமாக இருந்தது. 1882 இன் எட்மண்ட்ஸ் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுடன் மனைவியர் போல வாழ்வதே அச்சட்டத்தின்படி குற்றமாயிற்று. அதற்கு 6 மாதச் சிறையும் 300 டாலர் தண்டமும் விதிக்கலாம்.

இளமையும் கல்வியும்

மார்த்தா வேல்ஸ் நாட்டில் லாண்டட்னோ நகருக்கு அருகில் பிறந்தார். மார்மன் சமயத்தைத் தழுவிய இவரது குடும்பம் 1860 இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, 1861 இல் யூட்டாவை அடைந்தது. சமவெளியைக் கடக்கும் வழியில் தங்கை இறந்தாள். சால்ட் லேக் நகரம் வந்து சேர்ந்த சில நாட்களில் தந்தையும் இறந்தார். தாய் பின்னர் ஜேம்ஸ் பால் என்பவரை மறுமணம் செய்து கொண்டார்.

மார்த்தா பதின்ம வயதிலேயே பள்ளியில் கற்பித்தார். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் பணியில் சேர்ந்தார். மார்மன் பெண்கள் நடத்திய வுமன்ஸ் எக்ஸ்போனன்ட் இதழும் இவர் கைகளில் அச்சுக் கோர்க்கப்பட்டது. பெண்களின் வாக்குரிமையையும் பலதார மணத்தையும் ஒரே மூச்சில் ஆதரித்த இதழ் அது. யூட்டாவில் பெண்களுக்கு 1870 இலேயே வாக்குரிமை வழங்கப்பட்டிருந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

மார்மன் தலைமை பெண்கள் மருத்துவம் பயில்வதை ஊக்குவித்தது. எல்லிஸ் ஷிப் என்பவர் பென்சில்வேனியாவில் படித்து 1878 இல் மருத்துவரானார். அவர் படித்த காலத்தில் அவருடைய பிள்ளைகளைச் சக மனைவியரே வளர்த்தனர். பலதார மணத்தால் ஒரு பெண் பெறக்கூடிய நன்மைக்கு இதுவே அதிகம் காட்டப்படும் சான்று எனலாம். மார்த்தாவோ திருமணத்துக்கு முன்னரே தமது கல்வியை முடித்துவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது விடுதியில் பாத்திரம் கழுவியும் படுக்கை விரித்தும் செலவுக்குப் பொருள் தேடினார். 1880 இல் மருத்துவப் பட்டமும், 1882 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மற்றொரு பட்டமும் பெற்றார். மேடைப்பேச்சுக் கலையையும் பிலடெல்பியாவில் முறையாகக் கற்றார். ஊர் திரும்பியதும் மார்மன் பெண்கள் சங்கத்தினர் தொடங்கியிருந்த தேசரெட் மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

திருமணமும் தலைமறைவும்

அம்மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் அங்கஸ் கேனன். மார்த்தாவைவிட 23 வயது மூத்தவர். 1858 இல் அக்காள் தங்கை இருவரை ஒரே நாளில் மணந்தவர். 1875 இல் மூன்றாவதாக ஒருவரை மணந்தவர். அக்டோபர் 6, 1884 அன்று மார்த்தா அவரை மறைவாக மணந்தார். அப்போது எட்மண்ட்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

சில மாதங்களில் அங்கஸ் கைது செய்யப்பட்டார். வழக்கு ஏனைய மனைவியரைப் பற்றியது. முதல் மனைவி தவிர்ந்த ஏனையோருடன் தாம் தாம்பத்திய உறவை நிறுத்திவிட்டதாக அவர் வாதிட்டார். உறவை மெய்ப்பிக்கத் தேவையில்லை, மனைவியராக உலகுக்குக் காட்டி வாழ்ந்ததே போதும் என்று 1885 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 6 மாதச் சிறையும் 300 டாலர் தண்டமும் உறுதியாயின.

1885 செப்டம்பரில் மார்த்தாவுக்கு எலிசபெத் என்ற பெண் குழந்தை பிறந்தது. மணப் பதிவேட்டை மறைத்துவிடலாம். குழந்தையை மறைக்க இயலாது. தந்தை யார் என்ற கேள்விக்கான விடையே மற்றொரு வழக்குக்குப் போதுமான சான்றாகிவிடும். சட்டப்படி மனைவி அல்லாதவர் என்பதால், இரண்டாம் மூன்றாம் மனைவியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடிந்தது. சாட்சி கூற மறுத்த பெல் ஹாரிஸ் என்ற பெண் 1883 இல் கைக்குழந்தையுடன் சிறையில் அடைக்கப்பட்டார்.

மார்த்தாவுக்கு இடர் இரு மடங்காக இருந்தது. மருத்துவர் என்ற முறையில் பல மார்மன் இல்லங்களில் இவர் மகப்பேறு பார்த்திருந்தார். எந்தப் பெண்ணுக்கு, எப்போது குழந்தை பிறந்தது என்று நீதிமன்றத்தில் கூற நேர்ந்தால், பல தந்தையர் சிறை செல்வர். அவர்களை நம்பியிருந்த பல குடும்பங்கள் ஆதரவற்றுப் போகும். பேசவும் முடியாது, பொய்ச் சத்தியம் செய்யவும் முடியாது என்ற நிலையில், 1886 இல் கைக்குழந்தையுடன் இங்கிலாந்துக்குச் சென்றார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் தம் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தார். கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிறர் கையில் சிக்கினாலும் பொருள் விளங்காதபடி மாற்றுப் பெயர்களைக் கையாண்டார். அங்கஸோ 1886, 1887 ஆம் ஆண்டுகளில் மேலும் இருவரை மணந்தார். மார்த்தாவின் கடிதங்களில் சமய நம்பிக்கையும் பொறாமையும் அடுத்தடுத்த வரிகளில் வருவதைக் காணலாம். இக்கொள்கை இறைவனுடையது என்ற உறுதி இல்லாவிட்டால் ஒரு நாளும் இதைத் தாங்க இயலாது என்ற பொருளில் எழுதியுள்ளார். சொந்த ஊரில் ஒளிந்து வாழ்வதை விட, யாரும் அறியாத நாட்டில் தலை நிமிர்ந்து நடப்பதே மேல் என்றும் கருதினார்.

1887 இன் இறுதியில் நாடு திரும்பினார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் யூட்டாவின் பெண்கள் அனைவரின் வாக்குரிமையையும் பறித்திருந்தது. பலதார மணத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத பெண்களும் இதனால் உரிமை இழந்தனர். மார்த்தா செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1890 இல் மகன் ஜேம்ஸ் பிறந்தான். அவ்வாண்டு செப்டம்பரில் திருச்சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், இனிப் புதிய பலதார மணங்கள் இல்லை என அறிவித்தார். ஏற்கனவே மணந்தவர்கள் என்ன செய்வது என்பதை அவ்வறிவிப்பு தெளிவாகக் கூறவில்லை.

அரசியல்

1896 ஜனவரியில் யூட்டா மாநிலத் தகுதி பெற்றபோது பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பின் வழியாகத் திரும்பக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் மார்த்தா ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவும், அங்கஸ் குடியரசுக் கட்சி வேட்பாளராகவும் நின்றனர். கணவனும் மனைவியும் நேருக்கு நேர் மோதியதாகப் பலரும் எழுதுவது வழக்கம். உண்மையில் சால்ட் லேக் கவுன்ட்டிக்கு உரிய ஐந்து இடங்களுக்குப் பலர் போட்டியிட்டனர். இவர்கள் இருவரும் அப்பட்டியலில் இருந்தனர். மார்த்தா வென்றார், அங்கஸ் தோற்றார். வுமன்ஸ் எக்ஸ்போனன்ட் இதழின் ஆசிரியரும் மற்றொரு பலதார மனைவியுமான எம்மலின் வெல்ஸ் என்பவரும் அத்தேர்தலில் தோல்வியுற்றவர்களுள் ஒருவர்.

வெற்றிக்குப் பின் ஒரு செய்தியாளரிடம் பேசிய மார்த்தா, கணவனின் ஒரே மனைவியை விடப் பலருள் ஒருத்திக்கே சுதந்திரம் அதிகம் என்றார். நான்கு மனைவியர் இருப்பின் மாதத்தில் மூன்று வாரம் ஒருத்திக்குச் சொந்தம் என்பது அவரது கணக்கு. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய கடிதங்களை அருகில் வைத்துப் பார்த்தால், அந்த மூன்று வாரங்கள் தனிமையாகவும் இருந்தன என்பது புலப்படும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பொய்யென்று தள்ளுவதற்குக் காரணம் இல்லை.

செனட் சபையில் மாநில சுகாதார வாரியத்தை அமைக்கும் சட்டத்தையும், காது கேளாத, பேச இயலாத, பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கான சட்டத்தையும் முன்வைத்து நிறைவேற்றினார். கடைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரியும் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதும் இவரது சட்டமே. 1898 இல் வாஷிங்டனில் காங்கிரஸ் குழுவின் முன் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார்.

1899 ஏப்ரலில் மூன்றாம் குழந்தை குவென்டலின் பிறந்தாள். திருச்சபையின் அறிவிப்பு வெளியாகி எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டுக் கூட்டத்தொடரில் கருவுற்ற நிலையிலேயே மார்த்தா அவையில் அமர்ந்திருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் குழந்தையே சட்டமீறலின் சான்றானது. அங்கஸுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மார்த்தா மீண்டும் தேர்தலில் நிற்கவில்லை.

பிற்காலம்

அங்கஸ் 1915 இல் காலமானார். மார்த்தா தம் இறுதிக் காலத்தை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மருத்துவப் பணியுடன் கழித்தார். அங்கேயே இறந்து, சால்ட் லேக் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் கட்டடத்தில் யூட்டாவின் சார்பில் நின்ற தொலைக்காட்சி முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த்தின் சிலைக்குப் பதிலாக மார்த்தாவின் சிலையை வைக்க 2018 இல் மாநில சட்டமன்றம் முடிவு செய்தது. அது 2024 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது.

மார்த்தாவின் விருப்பப்படி அவரது நாட்குறிப்புகள் எரிக்கப்பட்டன. தலைமறைவுக் காலத்தில் கணவருடன் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் தப்பின. அவை 1989 இல் நூலாக வெளியாயின.