கபம் சுரக்காத கபச்சுரப்பி: பேறுகாலமும் சில கலைச்சொற்களும்

மண்டையோட்டின் அடியில், ஒரு சிறு எலும்புக் குழிக்குள், கடலை அளவில் அமைந்திருக்கும் உறுப்பைத் தமிழ் நூல்கள் பல ‘கபச்சுரப்பி’ என்கின்றன. கபத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மூளையின் கழிவு சளியாகி இவ்வழியே மூக்கில் இறங்குவதாகப் பண்டைக் கிரேக்க மருத்துவர் காலன் எண்ணினார். சளியைக் குறிக்கும் ‘பிட்யூட்டா’ என்னும் இலத்தீன் சொல் அவ்வாறுதான் இதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் அக்கருத்துத் தகர்ந்தது, பெயரோ நின்றுவிட்டது. நாமும் அப்பிழையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டோம்.

கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருக்கிறது. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஏறத்தாழப் பத்து மடங்குவரை உயர்கிறது. பருத்த சுரப்பிக்கு மிகுதியான குருதி வேண்டும். வரும் வழியோ குறுகியது. எனவே பேற்றின்போது பெருங்குருதிப்போக்கு நேர்ந்து இரத்த அழுத்தம் சரியுமாயின், சுரப்பியின் திசு மடியக்கூடும். இதனை 1937இல் விரித்துரைத்தவர் சீகன் என்னும் ஆங்கில நோயியலறிஞர். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது.

இதன் முதல் அறிகுறி, பால் ஊறாமை. பின்னர் மாதவிடாய் திரும்பாது. தீராச் சோர்வு, குளிர் தாங்காமை, அக்குள் மயிர் உதிர்தல் ஆகியன மெல்ல மெல்ல வரும். பால் ஊறாத தாய்க்குப் பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அதுவும் பயனளிக்காவிடில் கண்ணேறு என்போம். பேராக்கின் தோட்ட லயங்களில், மருத்துவச்சியின் கையில் பிள்ளை பெற்ற தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். வீட்டுப்பேறு மிகுந்திருந்த காசுமீரப் பள்ளத்தாக்கில், 20 வயதைக் கடந்த, பிள்ளை பெற்ற பெண்களுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கலாம் என 2005இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நோய் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆதலால் ஓயாமல் சோர்ந்திருக்கும் முதிய பெண்ணிடம், ‘பிள்ளை பிறந்தபோது ரத்தம் நிறையப் போனதா? பால் வந்ததா?’ என்று கேட்பதில் பொருளுண்டு. இவ்விரு வினாக்களுக்கும் கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

குறைந்த இயக்குநீர்களை மருந்தாக ஈடுசெய்வதே மருத்துவம். இதில் வரிசை முதன்மையானது: கார்ட்டிசால் குறையை முதலில் சீர்செய்த பின்னரே தைராக்சின் தொடங்க வேண்டும், மாறிச் செய்தால் உயிருக்கே இடராகும். இவர்களுள் மீண்டும் கருவுறுவோரும் உண்டு. அப்போது தைராக்சின் அளவைக் கூட்ட நேரிடும். பேற்று வேளையில் கூடுதல் ஐட்ரோகார்ட்டிசோன் வேண்டும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

சிலருக்குச் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். ‘தலையில் கட்டி’ என்றவுடன் குடும்பமே புற்றுநோய் என்று கலங்கிவிடுகிறது. இவை ஏறத்தாழ அனைத்தும் புற்றல்ல. புரோலாக்டின் சுரக்கும் கட்டி 10 மில்லிமீட்டருக்குக் குறைவாயின், கரு உறுதியானதும் மருந்தை நிறுத்துவது மருத்துவர் வழக்கம். பேறுகாலத்தில் அது தொல்லை தருமளவு வளர்வது அரிது. பெரிய கட்டியாயின் பார்வைப் பரப்பைக் காலமுறையில் சோதிப்பர். புதிய தலைவலி வந்தாலோ பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இனி, சொல்லே உயிரைத் தொட்ட ஒரு செய்தி. இச்சுரப்பியின் பின்மடல் வெளியிடும் வாசோபிரசின் குறைந்தால் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும், தாகம் அடங்காது. கருப்பையிலுள்ள நஞ்சுக்கொடி வாசோபிரசினைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதால், பேறுகாலத்தில் இது புதிதாகத் தோன்றலாம், அல்லது முன்பிருந்தது மிகலாம். டெஸ்மோபிரசின் என்னும் மருந்து அந்நொதிக்கு இரையாவதில்லை. ஆங்கிலத்தில் இந்நோயும் சர்க்கரை நோயும் ‘டயாபிடிஸ்’ என்னும் ஒரே பெயரைப் பகிர்ந்தன. அக்குழப்பத்தால் உரிய மருந்து கிட்டாமல் நோயாளிகள் இறந்ததுமுண்டு. ஆகவே 2022இல் பன்னாட்டு வல்லுநர் குழு இதன் பெயரை ‘ஆர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு’ என மாற்ற முன்மொழிந்தது.

தமிழில் ‘நீரிழிவு’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் இந்நோய்க்கே மிகப் பொருந்தும். ஆனால் அது சர்க்கரை நோய்க்குப் போய்விட்டது. மலேசியத் தமிழரோ சர்க்கரை நோயை ‘இனிப்புநீர்’ என்கின்றனர். எம் கருத்தில், ஈப்போவில் வழங்கும் அப்பேச்சுச் சொல் அகராதிச் சொல்லைவிடத் தெளிவானது. ‘இது இனிப்புநீர் அன்று, உடம்பில் தண்ணீர் தங்காத நோய்’ என்றால் தோட்டத்துத் தாய் உடனே விளங்கிக்கொள்வாள். சுரப்பியைப் ‘பிட்யூட்டரி’ என்றே வழங்கலாம்: நம் பிள்ளைகள் தமிழில் அறிவியல் கற்பது ஆறாம் ஆண்டுவரைதான், இடைநிலைப் பள்ளியின் மலாய்ப் பாடநூலில் அவர்கள் காண்பதும் அச்சொல்லின் மலாய் வடிவமே.