தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரா நீங்கள்?

நடுநிசி. 'நற நற'வென்று ஒரு சப்தம். எலியோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால், பக்கத்தில் படுத்திருப்பவரின் வாயிலிருந்து வருகிறது! காலையில் கேட்டால், "நானாவது, பல்லைக் கடிப்பதாவது!" என்பார். கோபிக்காதீர்கள். கடிப்பவருக்கு அது தெரியாது. எழுந்ததும் தாடை வலிக்கும், நெற்றிப்பொட்டு தெறிக்கும், அவ்வளவுதான்.

"வயிற்றில் பூச்சி" என்று பாட்டி விளக்கெண்ணெயைத் தேடுவாள். பெரியவர்கள் விஷயத்தில் பூச்சிமேல் பழி போடுவது நியாயமில்லை. மனக்கவலை, சிகரெட், மது, அளவு மீறிய காப்பி இவற்றைக் கவனியுங்கள்.

நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் பல்லின் மேலுள்ள எனாமல். ஆனால் தேய்ந்தால் மறுபடி வளராது. அதனால்தான் பல் வைத்தியர் உங்கள் பல்வரிசையை அச்செடுத்து, பிளாஸ்டரில் மாதிரி வார்த்து, அதற்குப் பொருத்தமாக அக்ரிலிக்கில் ஓர் உறை செய்து தருகிறார். இரவில் மாட்டிக்கொண்டால் பல்லுக்குப் பதில் உறை தேயும். கடிக்கும் வழக்கமே நின்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்!

விளையாட்டுச் சாமான் கடையில், வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் உறை மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். அது குத்துச்சண்டைக்காரருக்கு ஆனது. அளவு சரியில்லாத உறையை இரவெல்லாம் மாட்டியிருந்தால் பல்லே இடம் பெயரக்கூடும். வைத்தியர் தந்த உறையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கோணிப்போகும்.